கடைக்கு வராத இசைத்தட்டை யார் வாங்குவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில ஆண்டுகளே இருந்து கலைந்துபோன மேலைநாட்டு இசைக்குழுக்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து 'பிக் ஸ்டார்' குழுவுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். அதற்கே நன்றி சொல்ல வேண்டும். தமிழ் நாளிதழ்களில் இந்தப் பெயர் கண்ணில் படுவதே அரிது. ஆனால் 'விமர்சகர்கள் கொண்டாடினார்கள், மக்கள் நிராகரித்தார்கள். முதல் தட்டு பத்தாயிரம்கூட விற்கவில்லை' என்று அந்தப் பத்தி முடிந்திருந்தது. விற்பனை எண்ணில் பிழை இல்லை. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் பிழை. ஒரு பொருளை நிராகரிக்க வேண்டுமென்றால் அது முதலில் கண்ணெதிரே இருக்க வேண்டும். பிக் ஸ்டாரின் தட்டு பெரும்பாலான ஊர்களில் கடைக்கே வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

முதலில் சில சிறு திருத்தங்கள். புகழ் ஆசையில் வைத்துக்கொண்ட பெயர் என்று கட்டுரை சொல்கிறது. அவர்கள் பதிவு செய்த ஸ்டுடியோவுக்கு எதிரே இருந்த மளிகைக் கடைத் தொடரின் பெயர் அது, அவ்வளவுதான். அலெக்ஸ் சில்டன் தொடங்கிய குழு என்பதும் சரியல்ல. கிறிஸ் பெல் (கிட்டார்), ஆண்டி ஹம்மல் (பேஸ் கிட்டார்), ஜோடி ஸ்டீஃபன்ஸ் (டிரம்ஸ்) ஆகிய மூவரும் முன்பே சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1971இல் சில்டன் நான்காவதாக வந்து சேர்ந்தார். அவர் அப்போதே பழம் தின்று கொட்டை போட்டவர். 1967இல், 16 வயதில், 'பாக்ஸ் டாப்ஸ்' குழுவுக்காக அவர் பாடிய 'தி லெட்டர்' அமெரிக்கப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. ஆனால் அந்தக் குழுவில் எந்தப் பாட்டு, எந்த வாத்தியம் என்பதையெல்லாம் தயாரிப்பாளர்களே முடிவு செய்தார்கள். பாடிவிட்டுப் போவதுதான் அவர் வேலை. பிக் ஸ்டாரில் பாட்டு எழுதுவது முதல் எல்லாமே இவர்கள் கையில் இருந்தது.

இருபது, இருபத்தொரு வயதுப் பையன்களுக்கு அந்தச் சுதந்திரம் எப்படிக் கிடைத்தது? 'ஆர்டென்ட்' ஸ்டுடியோவின் உரிமையாளர் ஜான் ஃப்ரை ஒலிப்பதிவு நுட்பத்தைச் சொல்லிக்கொடுத்து, ஸ்டுடியோ சும்மா இருக்கும் இரவு நேரங்களில் உள்ளே வந்து பதிவு செய்துகொள்ள அவர்களை அனுமதித்தார். ஸ்டுடியோ வாடகைக்கு மணிக்கணக்கில் காசு ஓடும் தொழிலில் இது சாதாரண உதவி இல்லை. வாடகைக்கு எடுத்துப் பாடுகிற புதுக் குழு மூன்று நான்கு நாளில் தட்டை முடித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். பிசிறடிக்கும் ஒரு குரலைத் திரும்பப் பாடக்கூட யோசிக்கும். பெல்லோ ஒரே கிட்டார் வரியை இரண்டு மூன்று முறை வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார். பின்குரல்களை அடுக்கடுக்காகப் பதிந்தார். மறுநாள் கேட்டுப் பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார். அது சாமானிய ஸ்டுடியோவும் அல்ல. அதே ஊர் 'ஸ்டாக்ஸ்' இசைக் கம்பெனியின் ஐசக் ஹேய்ஸ் போன்ற கலைஞர்கள் அங்கே பதிவு செய்தார்கள். 'லெட் செப்பலின்' குழுவின் மூன்றாவது தொகுப்புக்கு 1970இல் மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் வேலை) நடந்ததும் அங்கேதான். ஆக, உலகத் தரமான கருவிகள், கையைக் கடிக்காத நேரம், காதுள்ள ஒலிப்பதிவாளர் என்று மூன்றும் ஒரு புதுக் குழுவுக்கு ஒரே இடத்தில் வாய்த்தன. முதல் தட்டைக் கேட்டாலே அது புரியும்.

அந்தத் தட்டு 1972இல் வந்தது. 'நம்பர் ஒன் ரெக்கார்டு' என்று பெயர் வைத்தார்கள், குசும்புதான். பக்கத்துக்கு ஆறாக 12 பாட்டு, மொத்தம் 37 நிமிடம். இந்த அளவும் முக்கியம். எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு 18, 19 நிமிடத்தோடு நிறுத்தினால் வரிப்பள்ளங்களை அகலமாக, ஆழமாக வெட்டலாம். டிரம்ஸ் அறைவதும் கிட்டார் மணியடிப்பதும் உள்ளபடி வரும். 25 நிமிடம் திணித்தால் சத்தத்தைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். ஃப்ரை பதிந்த ஒலி அவ்வளவு துலக்கமாக வீட்டு ஸ்பீக்கர்வரை வந்து சேர்ந்ததற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். ஹம்மல் எழுதிப் பாடிய 'தி இந்தியா சாங்' என்ற ஒன்றும் அதில் உண்டு. பெயரைப் பார்த்து ஆவலோடு தேடும் நம்மூர் ரசிகர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை: இந்தியா அந்தப் பாட்டின் சொற்களில் மட்டும்தான், இசையில் இல்லை.

தட்டு வெளிவந்ததும் பில்போர்டு, கேஷ்பாக்ஸ் ஆகிய இரு தொழில் இதழ்களும் புகழ்ந்து எழுதின. ரசிகர் பத்திரிகைப் பாராட்டு வேறு, இது வேறு. கடைக்காரரும் வானொலி நிலையத்தாரும் எதை வாங்கலாம், எதைப் போடலாம் என்று பார்ப்பதற்காகப் படிக்கும் இதழ்கள் இவை. முதல் ஒற்றைத்தட்டான (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டு) 'வென் மை பேபிஸ் பிசைட் மீ' சில நிலையங்களில் ஒலிக்கவும் செய்தது. இங்கிருந்துதான் கதை கெட்டது. எப்படிக் கெட்டது என்பது புரிய, அந்தக் காலத்தில் ஒரு தட்டு அதை அச்சடிக்கும் ஆலையிலிருந்து வாங்குகிறவர் கைக்கு வந்த வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க இசைக் கம்பெனிகள் இரண்டு வகை. கொலம்பியா போன்ற பெரிய கம்பெனிகள் நாடு முழுக்கச் சொந்தக் கிளை, சொந்தக் கிடங்கு, சம்பளத்துக்கு விற்பனையாள் என்று வைத்திருந்தன. சிறிய கம்பெனிகளுக்கு அந்த வசதி கிடையாது. அவை வட்டாரத்துக்கு ஒருவராகத் தனி விநியோகஸ்தர்களை நம்பியிருந்தன. நம்மூர் சினிமாவில் செங்கல்பட்டு, மதுரை, கோவை என்று ஏரியா பிரித்துக் கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். விநியோகஸ்தரிடமிருந்து தட்டு மூன்று வழியில் பிரியும்: நேராகப் பெரிய இசைக்கடைக்கு, எல்லாக் கம்பெனிச் சரக்கும் ஓரிடத்தில் கிடைக்கும் மொத்தக் கடை வழியாகச் சின்னக் கடைகளுக்கும் ஜூக்பாக்ஸ்காரர்களுக்கும், பல்பொருள் அங்காடிகளில் தட்டு அலமாரியைத் தம் பொறுப்பில் எடுத்து நிரப்புகிறவர்களுக்கு. விற்காததைத் திருப்பிக் கொடுக்கலாம். அதனால் 'அனுப்பினோம்' என்பது வேறு, 'விற்றது' என்பது வேறு.

இதில் பணம் திரும்பி வரும் விதம்தான் வேடிக்கை. தனி விநியோகஸ்தர் சிறிய கம்பெனிக்குப் பாக்கியை ஒழுங்காகக் கட்டுவது ஒரே காரணத்துக்காக: அடுத்து வரும் ஹிட் தட்டு அவருக்கு வேண்டும். அடுத்த சரக்கு இந்த வழியில் வராது என்று தெரிந்துவிட்டால் பாக்கியும் வராது. கையிலுள்ள தட்டுகளைக் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பிக் கணக்கை நேர் செய்துகொள்வார்.

வானொலிக்கும் கடைக்கும் உள்ள முடிச்சையும் சொல்ல வேண்டும். ஒரு நிலையம் புதுப் பாட்டை இரண்டு மூன்று வாரம் போட்டுப் பார்க்கும். கூடவே ஊர்க் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எது எவ்வளவு போகிறது என்று கேட்கும். பாட்டைக் கேட்ட பையன் கடைக்குப் போய்க் கேட்கிறான். 'இல்லை' என்ற பதில் வருகிறது. அவன் வேறொன்றை வாங்கிக்கொண்டு போகிறான். நிலையத்துக்குப் போகும் கணக்கில் பிக் ஸ்டாருக்கு நேராகச் சுழியம். கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதை யாரும் எழுதிவைப்பதில்லை. வாங்கியவர்கள் மட்டுமே கணக்கு. நான்காம் வாரம் பாட்டு நிறுத்தப்படும். அதற்குப் பிறகு, ஐந்தாம் வாரம் சரக்கு வந்து இறங்கினாலும் பயன் இல்லை. கட்டுரையாளர் 'மக்கள் நிராகரிப்பு' என்று எடுத்துக்கொண்ட எண் இப்படி உருவானதுதான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாயிரம் கடைக்குத் தலா ஐந்து தட்டு வைத்து அத்தனையும் விற்றால்கூட 10,000தான் வரும். கடைக்கு ஐந்து தட்டுக்கூட வைக்காத குழுவின் எண் அதற்கு மேல் எப்படிப் போகும்?

பிக் ஸ்டாரின் தட்டை ஆர்டென்ட் தன் பெயரிலேயே வெளியிட்டது. ஆர்டென்ட் தட்டுகளை விநியோகித்தது அதே ஊர் ஸ்டாக்ஸ் நிறுவனம். ஸ்டாக்ஸ் சாதாரணக் கம்பெனி அல்ல. 'சோல்' எனப்படும் கறுப்பின ஆன்ம இசையில் அது ஒரு சாம்ராஜ்யம். ஆனால் அதன் வலு எல்லாம் கறுப்பின மக்கள் வாழும் பகுதிக் கடைகளிலும் அவர்களுக்கான வானொலிகளிலும் இருந்தது. பிக் ஸ்டார் வாசித்ததோ பிரிட்டிஷ் சாயலில் கிட்டார் பாப் ராக். வாங்கக்கூடியவர்கள் கல்லூரிப் பக்கத்து ராக் கடைகளில் நின்றார்கள். அந்தக் கடைகளில் ஸ்டாக்ஸுக்குப் பழக்கமும் குறைவு, கடன் கணக்கும் குறைவு. சரக்கு நல்லது, கடையும் நல்லது, ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தெருக்கள். ஸ்டாக்ஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1968இல் பழைய பதிவுகள் அத்தனையின் உரிமையையும் ஒப்பந்தத்தின் ஒரு பிரிவால் அட்லாண்டிக் நிறுவனத்திடம் இழந்து, தரையிலிருந்து எழுந்து வந்த கம்பெனி அது.

1972 முடிவதற்குள் ஸ்டாக்ஸ் தன் விநியோகம் முழுவதையும் கொலம்பியாவிடம் ஒப்படைத்தது. வெளியே இருந்து பார்த்தால் பிக் ஸ்டாருக்கு அடித்த யோகம். நாடெங்கும் கிளை உள்ள கம்பெனி. ராக் கடைகள் எல்லாம் அதன் கைக்குள். நடந்தது நேர் எதிர். பழைய தனி விநியோகஸ்தர்களோடு கொலம்பியாவுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை; கடைகளில் மிச்சமிருந்த 'நம்பர் ஒன் ரெக்கார்டு' பிரதிகளையும் திரும்ப எடுத்துக்கொண்டது. பழைய வழி அடைபட்டது. புதிய வழியில் தள்ளிவிட ஆள் இல்லை. கொலம்பியாவின் விற்பனையாள் ஒரு கடைக்காரர் முன் நிற்கும் கொஞ்ச நேரத்தில் தன் கம்பெனியின் சொந்தத் தட்டுகளைத்தான் முதலில் எடுத்து வைப்பார். ஸ்டாக்ஸ் பட்டியலின் ஓரத்தில் இருந்த ஆர்டென்ட் என்ற துணைப் பெயரை எடுத்துப் பேச அவருக்கு என்ன அவசியம்? ஒப்பந்தத்தை முன்னின்று செய்த கொலம்பியாவின் தலைவர் கிளைவ் டேவிஸ் 1973 மே மாதம் அங்கிருந்து நீக்கப்பட்டார். அவரோடு அக்கறையும் வெளியேறியது.

பெல் அதற்கு முன்பே, 1972இன் பிற்பகுதியில் விலகிவிட்டார். பாட்டை இழைத்து இழைத்துச் செய்தவர் அவர். விமர்சகர்களின் பேச்சோ பிரபலமான சில்டனைச் சுற்றியே இருந்தது. தட்டும் விற்கவில்லை. குழு ஏறக்குறையக் கலைந்துவிட்டது. 1973 மே மாதம், நாடெங்கும் இருந்து ராக் விமர்சகர்களை மெம்ஃபிஸுக்கு அழைத்து ஒரு மாநாடு நடத்தினார்கள். ஆர்டென்ட், ஸ்டாக்ஸ் தட்டுகளுக்கு விளம்பரம் தேடும் ஏற்பாடு. அங்கே 'லாஃபயெட்ஸ் மியூசிக் ரூம்' என்ற அரங்கில் மீதி மூவரும் மேடையேறினார்கள். எதையும் எளிதில் மெச்சாத விமர்சகர் கூட்டம் எழுந்து ஆடியது. அந்த வரவேற்புதான் இரண்டாவது தட்டுக்கு வழி விட்டது.

'ரேடியோ சிட்டி' 1974இன் தொடக்கத்தில் வந்தது. வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த, ஓர் அறையின் சிவப்பு உட்கூரையின் புகைப்படம் அட்டையில். இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் மாட்டிவைக்கும் படம். பெல்லின் அடுக்கடுக்கான மெருகு இதில் இல்லை. பதிலுக்கு மூன்று பேர் ஒரே அறையில் வாசிக்கும் பரபரப்பு இருக்கிறது. எங்களில் பாதிப்பேர் இதையே சிறந்ததாகச் சொல்வோம். இங்கே குழுவும் கம்பெனியும் செய்த தவறு ஒன்று உண்டு. 'செப்டம்பர் கேர்ல்ஸ்' என்ற, மூன்று நிமிடத்துக்குள் முடியும், வானொலிக்கென்றே வார்த்ததுபோன்ற பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஓடும் 'ஓ மை சோல்' பாட்டைக் கத்தரித்து முதல் ஒற்றைத்தட்டாக விட்டார்கள். ஏஎம் வானொலி நிலையங்களின் காலம் அது. விளம்பரத்துக்கு நடுவே மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். வெட்டிய பாட்டு வெட்டிய மாதிரியே கேட்கும். ஆனால் சரியான பாட்டை விட்டிருந்தாலும் விதி பெரிதாக மாறியிருக்காது. ஸ்டாக்ஸுக்கும் கொலம்பியாவுக்கும் சண்டை முற்றி, கொலம்பியா அந்தத் தட்டைக் கடைகளுக்கு அனுப்பவே முன்வரவில்லை. விற்றது சுமார் 20,000. இந்த நெருக்கடியில் முதல் தட்டைவிட இரண்டு மடங்கு விற்றது என்பதே கட்டுரையாளரின் வாதத்துக்கு எதிரான சாட்சி.

குழுவின் பக்கமும் பழுது இல்லாமல் இல்லை. மேடை நிகழ்ச்சிகள் மிகக் குறைவு. ஊர் ஊராகப் போய் வாசிக்கும் குழு, வண்டியின் பின்பக்கத்தில் தட்டை வைத்து விற்றாவது விநியோகத்தின் ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கும்; உள்ளூர்க் கடைக்காரரும் 'நாளை மறுநாள் இங்கே கச்சேரி' என்றால் பத்துப் பிரதி கேட்டு வாங்குவார். ஸ்டுடியோவில் ஏழெட்டு அடுக்காகச் செய்த பாட்டை மேடையில் நான்கு பேர் அப்படியே தர முடியாது என்பதும் அவர்களைத் தயங்க வைத்திருக்கும். 'ரேடியோ சிட்டி' முடிந்த கையோடு ஹம்மலும் கல்லூரிப் படிப்பை முடிக்கப் போய்விட்டார்.

மூன்றாவது தொகுப்பு 1974இல் 'வெளியானது' என்று அச்சாகியிருக்கிறது. வெளியாகவில்லை. அந்த ஆண்டு ஜிம் டிக்கின்சன் தயாரிப்பில் சில்டனும் ஸ்டீஃபன்ஸும் பதிவு செய்தது. 1975 தொடக்கத்தில் வெள்ளை லேபிள் ஒட்டிய சோதனைப் பிரதிகள் 250 அழுத்தப்பட்டன. ஃப்ரையும் டிக்கின்சனும் அதை எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள், யாரும் வாங்கவில்லை. 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவாலானது. தட்டு கடைக்கு வந்தது 1978இல், பிவிசி என்ற சிறு கம்பெனி மூலம். அதே ஆண்டு பிரிட்டனில் முதலிரண்டு தட்டுகளையும் ஒன்றாகக் கட்டி இஎம்ஐ இசைக் கம்பெனி வெளியிட்டது. அந்த ஆண்டின் டிசம்பர் 27ஆம் தேதி கிறிஸ் பெல் கார் விபத்தில் இறந்தார்; வயது 27. அவர் உயிரோடு இருந்தபோது தனியாக வந்தது ஒரே ஒரு ஒற்றைத்தட்டு, 'ஐ ஆம் தி காஸ்மோஸ்'. அதே பெயரில் முழுத் தொகுப்பு வர 1992 ஆனது.

பாட்டில்தான் குறை என்றால் பிறகு நடந்ததை எப்படி விளக்குவது? 1984இல் 'திஸ் மார்ட்டல் காயில்' என்ற பிரிட்டிஷ் குழு பிக் ஸ்டாரின் மூன்றாம் தொகுப்பிலிருந்து இரண்டு பாட்டை எடுத்துப் பாடியது. 1986இல் 'பேங்கிள்ஸ்' குழு 'செப்டம்பர் கேர்ல்ஸ்' பாட்டைத் தன் ஹிட் தொகுப்பில் சேர்த்தது. 'இன் தி ஸ்ட்ரீட்' 1998இல் தொடங்கிய 'தட் செவன்டீஸ் ஷோ' தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டானது, வேறு குரலில். வாரந்தோறும் வீடுவீடாகக் கேட்ட பாட்டு. எழுதியவர்கள் பெல்லும் சில்டனும் என்று அறிந்தவர்கள் சொற்பம். ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் தனக்கு 70 டாலர் வந்ததாகச் சில்டன் சொல்லியிருக்கிறார். 1993 ஏப்ரலில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் சில்டனும் ஸ்டீஃபன்ஸும் 'போசீஸ்' குழுவின் இருவரைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் மேடையேறினார்கள். அந்த அணி 2010இல் சில்டன் மறையும்வரை அவ்வப்போது வாசித்தது. அதே ஆண்டு ஹம்மலும் இறந்தார். பழைய நால்வரில் இன்று இருப்பவர் ஸ்டீஃபன்ஸ் மட்டும்.

தங்கள் கட்டுரையைப் படித்துக் கேட்கப் புறப்படும் வாசகர்களுக்காக ஒரு குறிப்பையும் சேர்த்து வெளியிட்டால் நல்லது. 'நம்பர் ஒன் ரெக்கார்டு', 'ரேடியோ சிட்டி' இரண்டும் 40 நிமிடத்துக்குள் அடங்குபவை என்பதால் 1992இல் ஒரே குறுந்தகடாக வந்தன. பழைய கடைகளில் தேடினால் அதுவே மலிவு. கேட்கத் தொடங்க 'தர்டீன்', 'தி பேலட் ஆஃப் எல் கூடோ', 'செப்டம்பர் கேர்ல்ஸ்' மூன்றும் போதும். மூன்றாவது தொகுப்பை வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. குழு முறையாக முடித்துக் கொடுக்காத தொகுப்பு அது. அதனால் 1978 பதிப்பில் பாட்டுகளின் வரிசை ஒரு மாதிரி, 1992 ரைக்கோடிஸ்க் பதிப்பில் வேறு மாதிரி; சிலவற்றில் 'தேர்ட்', சிலவற்றில் 'சிஸ்டர் லவர்ஸ்', சிலவற்றில் இரண்டு பெயரும். இரண்டு வேறு தட்டுகள் என்று எண்ணி இரட்டைச் செலவு செய்ய வேண்டாம். 2016இல் ஆம்னிவோர் நிறுவனம் வெளியிட்ட மூன்று தட்டுத் தொகுதியில் ஆரம்ப மாதிரிப் பதிவுகள் முதல் கடைசி மிக்ஸிங்வரை எல்லாம் இருக்கின்றன. அது ஏற்கெனவே கேட்டுப் பழகியவர்களுக்கானது, முதல்முறை கேட்பவர்களுக்கு அல்ல.

இப்படிக்கு,
பழைய இசைத்தட்டு சேகரிக்கும் வாசகர்கள் சிலர்,
சென்னை.